கத்தரிக்காய்க் குறி

போன கிழமை வவுனியாவிலிருந்து தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலையிலிருந்து இளைப்பாறியபோது விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள். குரலில் நல்ல சூடு.

“சேர், எங்கட தீர்மானத்துக்கு எதிரா ஒராள் கோட்டுக்குப் போயிட்டார். அதுவும் ஒரு பழைய ஜெனரேற்றருக்காக. எங்களைக் கள்ளர் எண்டு சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு!”

“ஆரும் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. கோட்டுக்குப் போற வழியை நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

“நாங்கள் ஏன் சேர் சொல்லிக் குடுக்க வேணும்?”

இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன், இதைவிடக் கோபமாக. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விசயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். இது அவளுக்காகத் தொடங்கியதுதான்.

என் தொழிலை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்தி முடிந்ததில்லை. கடனில் மூழ்கிப்போன ஒரு கம்பனியை மூடும்படி நீதிமன்றம் கட்டளையிட்டால், அந்த வேலையைச் செய்து முடிக்க ஒருவரை நியமிக்கும். அவர்தான் லிக்குவிடேற்றர். கம்பனியிடம் இருப்பதைத் தேடிப்பிடித்து, விற்று, கொடுக்கவேண்டியவர்களுக்குச் சட்டம் சொல்லும் ஒழுங்கில் பகிர்ந்து, கடைசியில் கம்பனியின் பெயரையே பதிவிலிருந்து எடுத்துவிடுவது அவர் பொறுப்பு. நான் லிக்குவிடேற்றர் அல்ல. அவருக்காக வெயிலில் போய்க் கதவுத் திறப்பு வாங்குகிறவன், பூட்டுப் போடுகிறவன், சாமான்களைப் பார்த்து எழுதுகிறவன், ஏச்சு வாங்குகிறவன். சனம் எங்களைக் ‘கம்பனிக்குச் செத்தவீடு செய்யிற ஆக்கள்’ என்று சொல்லும். என் மனைவியின் தமையன் நான் ஏதோ வங்கியில் வேலை செய்ததாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வுக் கந்தோரில் தொழில் பழகியதும், பிறகு இடம்பெயர்ந்து திரிந்ததும், சண்டை முடிந்தபின் வவுனியாவில் தில்லைநாதன் ஐயாவிடம் வந்து சேர்ந்ததும் பெரிய கதைகள் அல்ல. எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கும்.

தில்லைநாதன் ஐயா பட்டயக் கணக்காளர். வன்னியில் மூடப்பட்ட கம்பனிகள் பலவற்றுக்கு நீதிமன்றம் அவரைத்தான் லிக்குவிடேற்றராகப் போட்டது. ஒல்லியான ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை. சேறு, சாணி, கரித்தூள் எதுவானாலும் மினுக்கிய சப்பாத்தோடுதான் இறங்குவார். எழுதுவது பென்சிலால். நீதிமன்றத்துக்குப் போகும் கடதாசியை மட்டும் பேனையால் எழுதுவார். என்னைப் போன்றவர்களை ‘நீர்’ என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வேலை இலேசாக இருந்திருக்கும்.

சேர்ந்த புதிதில் முள்ளியவளையில் ஒரு மரக்காலைக் கம்பனியைப் பொறுப்பெடுத்தோம். வாள் இயந்திரம், மரக்குற்றி, தராசு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். வளவு மூலையில் ஒரு பாலைமரம். அதன் கீழ் வைரவர் சூலம், ஒரு வெண்கல மணி, ஒரு விளக்கு. கம்பனி வளவுக்குள் இருப்பது கம்பனியின் சொத்து என்பதுதான் நான் படித்த பாடம். ‘சூலம் ஒன்று, மணி ஒன்று, விளக்கு ஒன்று’ என்று எழுதி நீட்டினேன். ஐயா பென்சிலை எடுத்து மூன்றையும் வெட்டினார்.

“வைரவரிட்டக் கேட்டனீரோ?”

“ஐயா, வளவுக்குள்ள கிடந்தது...”

“வளவுக்குள்ள நீரும்தான் நிக்கிறீர். உம்மையும் எழுதட்டோ?”

அன்று முழுவதும் காது சுட்டது. ஒரு சாமான் எங்கே கிடக்கிறது என்பது வேறு, யாருடையது என்பது வேறு. இதற்கு மேல் அவர் எனக்குப் பாடம் எதுவும் எடுக்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. யாருக்காவது பாதகமான தீர்மானம் எடுத்தால், அதைக் கடிதத்தில் மட்டும் அனுப்பமாட்டார். அந்த ஆளின் வாசலுக்கு நேரே போவார். தீர்மானம் இது, காரணம் இது என்று சொல்லுவார். அவர்கள் ஏசி முடியும்வரை நிற்பார். பிறகு, “இதில உங்களுக்குச் சம்மதம் இல்லையெண்டால் நீங்கள் நீதிமன்றத்திட்டச் சொல்லலாம்” என்று தொடங்கி, எந்தக் கட்டடம், எந்த யன்னல், காசில்லாதவர்களுக்கு இலவசச் சட்டத்தரணி எங்கே கிடைப்பார் என்பதுவரை விளங்கப்படுத்துவார். லிக்குவிடேற்றர் எடுக்கும் எந்தத் தீர்மானத்தையும், அதனால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் நீதிமன்றம் பார்க்கலாம். உறுதிப்படுத்தலாம், மாற்றலாம், தூக்கி எறியலாம். சட்டத்தில் அப்படி இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அடிக்க வருகிறவன் கையில் பொல்லையும் கொடுத்து, அடிக்கவேண்டிய இடத்தையும் தொட்டுக் காட்டும் ஒரு மனிசனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பால் கம்பனி விவகாரம் இந்தப் பழக்கத்தில் இருந்துதான் வந்தது.

மாங்குளத்தில் பால் குளிரூட்டும் நிலையம் வைத்திருந்த கம்பனி அது. மீள்குடியேறிய சனத்துக்குப் பசுக்களைக் கொடுத்து, பாலைத் தாங்களே வாங்கிக்கொள்வது அவர்களின் திட்டம். சிலகாலம் நன்றாக ஓடியது. பிறகு இயந்திரக் கடன், லொறிக் கடன் என்று ஏறி, வங்கி வழக்குப் போட்டு, கம்பனியை மூடும்படி கட்டளை வந்தது. நாங்கள் திறப்பை வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். கட்டடமும் இயந்திரமும் வங்கியிடம் ஈடு. ஈடில்லாமல் மிஞ்சியவை மாடுகள்தான். மாடு விற்றால்தான் வேலையாட்களுக்குச் சம்பளம்.

வீடு வீடாகக் கொடுத்த மாடுகளை எப்படித் திருப்பி எடுப்பது? எங்கள் பக்கத்தில் வயல் வெட்டியபின் மாடுகளைக் காட்டில் அவிழ்த்து விடுவார்கள். எல்லாருடைய மாடும் ஒன்றாக மேயும். யாருடையது என்று அறிய ஒரே வழி, தொடையில் சுட்ட குறி. பெரிய பட்டிக்காரர் வீட்டில் தலைமுறையாகக் குறியிரும்பு இருக்கும், அது பதிவிலும் இருக்கும். இந்தக் கம்பனியும் ஒரு குறி பதிந்து வைத்திருந்தது. பால் கொண்டுபோகும் கானின் படமாம். வட்டமும் அதன் தலையில் ஒரு காம்பும். பார்த்தால் அசல் கத்தரிக்காய். சனம் அதைக் ‘கத்தரிக்காய்க் குறி’ என்றே சொன்னது.

கத்தரிக்காய் இருந்தால் கம்பனி மாடு, இல்லையென்றால் இல்லை. ஐயா வைத்த விதி அதுதான். காரணமில்லாமல் வைக்கவில்லை. நாங்கள் வருகிறோம் என்றதும் இரண்டு வீட்டார் கம்பனிப் பசுக்களைத் தாங்கள் கன்றிலிருந்து வளர்த்தவை என்று சத்தியம் பண்ணினார்கள். ஒருவர் குறியின் மேல் தாரே பூசியிருந்தார். வாய்ப்பேச்சை நம்பினால் ஒரு மாடும் மிஞ்சாது. இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல விதி.

கனகராயன்குளத்துக்கு உள்ளே ஒரு குடியேற்றத்தில் பழனியம்மா என்று ஒருவர் இருந்தார். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. ஆனால் பேச்சில் மலைநாடு போகவில்லை. கணவர் இல்லை, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கம்பனி கொடுத்த இரண்டு பசுக்களையும் நாங்கள் கேட்க முன்பே கயிற்றோடு கொண்டுவந்து கட்டினார். நான் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே இன்னொன்று நின்றது. செவலை நாகு, முதல் கன்றுக்கு வயிறு தள்ளியிருந்தது. தொடையில் கத்தரிக்காய்.

“அதையும் அவிழுங்கோ” என்றேன்.

“அது என் மாடுங்க” என்றார்.

அவர் சொன்னது இது. ஊரில் மாடு வளர்க்கக் கொடுத்தால் வாரம் உண்டு. முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்தது சொந்தக்காரருக்கு. கம்பனியின் பண்ணை மனேஜரும் ஊர்க்காரர்தான். அந்த வழக்கப்படியே முதல் கன்று உனக்கு என்று வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார். செவலை அந்த முதல் கன்று. கம்பனிக் கடதாசியில் அப்படி ஒரு வரியும் இல்லை. மனேஜர் வெளிநாடு போய்விட்டார், எந்த நாடு என்றுகூட யாருக்கும் தெரியாது.

“உங்கட மாடெண்டால் ஏன் கம்பனிக் குறி?”

“காட்டுல களவு போகுதுங்க. எங்கிட்ட ஏது குறியிரும்பு? ஒத்தை மாட்டுக்காரிக்கு யாரு இரும்பு அடிச்சுக் குடுப்பா? கத்தரிக்காய்னா எவனும் கை வைக்கமாட்டான். கம்பனி போலீசுக்குப் போகும்னு பயம். அதான் அதையே போட்டுக்கிட்டேன்.”

களவுக்குப் பயந்து தன் மாட்டில் அடுத்தவன் குறியைச் சுட்டுக்கொண்ட கதை. வேறெங்கும் இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். வன்னியில் நம்பலாம். ஆனால் தார் பூசியவர் சொன்ன கதையையும் நம்பலாம் போலத்தான் இருந்தது.

ஐயாவிடம் சொன்னேன். யோசித்தார். பண்ணைக் கடதாசி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். அடுத்த நாள் சப்பாத்தோடு பழனியம்மாவின் முற்றத்தில் போய் நின்றார்.

“அம்மா, உங்கட கதை பொய்யெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் என்னட்ட இருக்கிறது குறி மட்டும்தான். குறி கம்பனியின்ர. உங்களுக்கு விட்டால், வேலை செய்த ஆக்களின்ர சம்பளத்தில இருந்து எடுத்து விட்ட மாதிரி. அதுக்கு எனக்கு உரிமை இல்லை. மாடு விற்பனைக்குப் போகும்.”

பழனியம்மா கத்தினார். அந்த நாகு கன்று போட்டுப் பால் தந்தால்தான் பிள்ளை பள்ளிக்கூடம், இல்லையென்றால் அவளையும் கூட்டிக்கொண்டு கூலிக்குப் போகவேண்டியதுதான் என்று அழுதார். “காலைக் கும்பிட்டு வாங்கின மாடில்ல, வளத்த மாடு! நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?” என்று கேட்டார். ஐயா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தன் பாட்டைத் தொடங்கினார். கட்டடம், யன்னல், இலவசச் சட்டத்தரணி.

பழனியம்மா அழுகையை நிறுத்திவிட்டார்.

“உங்க மேலயே கேஸ் போடச் சொல்றீங்களா?”

“என்ர தீர்மானத்துக்கு மேல. ஓம். விற்பனைக்கு முதல் போங்கோ.”

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, மாடு அவாவின்ர எண்டு நினைச்சால் நீங்களே நீதிமன்றத்திட்டப் போய் வழி கேட்டிருக்கலாமே? ஏன் அவாவைக் கொண்டு எங்களுக்கு எதிரா...” என்றேன்.

“நான் போய்க் கேட்டால் நான் சொல்லுறதைத்தான் கோட் கேக்கும். அவா வந்தால் அவாவின்ர வாயால கேக்கும்.”

“அப்ப எங்களுக்குத் தோல்வியெல்லோ?”

“உமக்கு இதில என்ன தோல்வி? மாடு உம்மடையோ?”

நான் மாட்டுப் பட்டியலை எடுத்து மடியில் விரித்தேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழனியம்மா போனார். சட்டத்தரணி மனு எழுதினார். விற்பனை நாளுக்கு முன்பே கட்டளை வந்தது. மற்ற மாடுகளை விற்கலாம், செவலையை மட்டும் வழக்கு முடியும்வரை லிக்குவிடேற்றரின் பொறுப்பில் வைத்திருக்கவேண்டும். குருநாகல் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மற்ற எல்லாவற்றையும் வாங்கி, மாடுகளின் காதில் தன் அடையாளத் தோட்டைக் கொழுவி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். மாங்குளத்தில் பூட்டிக் கிடந்த நிலையத்தின் வளவில் செவலையும் நானும் மிஞ்சினோம்.

வைக்கல் வாங்கினேன், தவிடு வாங்கினேன். கணக்காய்வு படித்த கையால் சாணி அள்ளினேன். நீதிமன்றம் பார்க்கும் மாடு என்பதால் ஒரு உண்ணி கடித்தாலும் பயம். வழக்கு முடிய முன்பே அது கன்று போட்டது, வடிவான பசுக்கன்று. கன்றை வேறாக எழுதுவதா, தாயோடு சேர்த்து எழுதுவதா என்று ஐயாவிடம் கேட்டேன். “பிறந்ததை எழுதும். ஆரின்ர எண்டு எழுதாதையும்” என்றார்.

பெரிய கரைச்சல் கறவைதான். யாரையும் அண்டவிடவில்லை. கறக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தேன், வாளியும் ஆளும் இரண்டு பக்கமாகப் போனார்கள். மடி கல்லாகிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பழனியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய்க் குந்தினார், மாடு அசையவில்லை. கன்று போட்ட புதிதில் சுரக்கும் கடும்புப் பாலில் கன்றுக்கு விட்டது போக மிச்சத்தைக் காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் எனக்கும் வைத்தார்.

“வழக்கு உங்க ஐயாவோட. பசிக்கு வழக்கு இல்ல” என்றார்.

எதிர்த்தரப்புக் கடும்பு. சாப்பிட்டேன். இவ்வளவு ருசியாக ஒன்றை அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து கறந்தார்.

நீதிமன்றத்துக்கு ஐயா எழுதிய அறிக்கையில் அதுவும் இருந்தது. ‘மனுதாரர் வந்து கறக்கிறார், வேறு எவரிடமும் மாடு பால் கொடுப்பதில்லை.’ நான் தலையில் கைவைத்தேன்.

“ஐயா, இதை எழுதினால் எங்களுக்குத்தானே பாதகம்!”

“நடந்ததோ இல்லையோ?”

“நடந்தது.”

“அப்ப எழுதத்தானே வேணும்.”

விசாரணை நாளில் நீதிபதி அந்த வரியை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். பெண் நீதிபதி, அளந்து பேசுகிறவர். “வளர்த்தவரிடம் மாடு பழகியிருக்கும். கம்பனி மாட்டை வளர்த்திருந்தாலும் பழகியிருக்கும். இது உரிமைக்குச் சான்றல்ல” என்றார். பழனியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் அதைத்தான் பெரிதாக நம்பி வந்திருந்தார்.

ஐயா எழுந்து தன் தீர்மானத்துக்காக வாதாடினார். எங்கள் சட்டத்தரணி பேசி முடித்த பிறகும் நீதிபதியின் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னார். கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. குறிக்கு மேல் வேறு ஆதாரம் இல்லை, எல்லாருக்கும் ஒரே விதிதான் வைத்தேன், ஒருவருக்குத் தளர்த்தினால் மற்றவர்களுக்கு அநியாயம் என்றார். மதிய இடைவேளையில் தாழ்வாரத்தில் பழனியம்மா அவரை மறித்தார்.

“வழியும் நீங்கதான் காட்டுனீங்க, இப்ப மறிச்சுக்கிட்டும் நீங்கதான் நிக்கிறீங்க. என்ன மனுசன் ஐயா நீங்க?”

“என்ர வேலை அம்மா அது” என்றார் ஐயா. 

பின்னேரம் நீதிபதி ஒரு கேள்வி கேட்டார். “இந்த மாட்டுக்குக் குறி சுட்டது யார்?”

ஐயா தெரியாது என்றார். பழனியம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பின்வரிசையில் பால் கம்பனி வேலையாட்கள் இருந்தார்கள். சம்பளம் வாங்கவேண்டியவர்கள், மாடு விற்கப்படவேண்டும் என்று விரும்புகிறவர்கள், எங்கள் பக்கம். தங்களுக்காகக் கதைக்க நஸீர் என்று ஒருவரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். முல்லைத்தீவு ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து இந்தக் கம்பனியில் பால் சேகரித்தவர். அவர் எழும்பினார்.

“நான்தான் அம்மா சுட்டது.”

பக்கத்திலிருந்தவர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி அவரைச் சாட்சிக்கூட்டில் ஏறச் சொன்னார். உண்மை சொல்வதாக உறுதி எடுத்துக்கொண்டு நஸீர் சொன்னார்:

“மாடுகளைப் பட்டிக்குச் சாய்ச்சுக் கம்பனிக் கண்டுகளுக்குக் குறி சுட்ட நாள். எங்கட கண்டுகள் முடிஞ்சுது, இரும்பு இன்னும் சிவப்பாத்தான் கிடந்தது. பழனியம்மாக்கா இந்தக் கண்டைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிண்டா. ‘தம்பி, இதுக்கும் ஒண்டு போட்டுவிடு, களவு போகாமக் கிடக்கும்’ எண்டா. கம்பனி இரும்பை வெளி மாட்டுக்குப் போடக்கூடாது, எனக்குத் தெரியும். பாவம் எண்டு போட்டன். அவா அதை வெளியில சொல்லமாட்டா. என்ர வேலை போயிரும் எண்டு அப்பவே சத்தியம் வாங்கினனான்.”

“கம்பனிக் கன்று இல்லையென்று உமக்கு எப்படித் தெரியும்?”

“கம்பனிக் கண்டுக்குச் சுடுறதெண்டால் நாங்கள் ஒருத்தரையும் கேக்கிறேல்லை அம்மா, பிடிச்சுச் சுடுவம். இதுக்கு அவா வந்து என்னட்டக் கேட்டவா.”

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். “இந்த மாடு விற்பனையில் இல்லாவிட்டால் உமது சம்பளப் பங்கும் குறையும். விளங்குகிறதா?”

“விளங்குது அம்மா. வீட்டில ஏச்சு விழும்.” சொல்லிவிட்டு இறங்கினார்.

கட்டளை அன்றே வந்தது. நீதிபதி வாசித்ததன் சாரம் எனக்கு நினைவிருக்கிறது. லிக்குவிடேற்றரின் கதிரையில் நீதிமன்றம் போய் இருப்பதில்லை. அவர் நேர்மையாக, காரணத்தோடு எடுத்த தீர்மானத்தைத் தனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது என்பதற்காக மாற்றுவதும் இல்லை. அன்று கையில் இருந்ததை வைத்து அவர் எடுத்த தீர்மானத்தில் குறை காண முடியாது. ஆனால் இன்று நீதிமன்றத்தின் முன் இருப்பது அன்று அவரிடம் இருக்கவில்லை. ஆகவே தீர்மானம் மாற்றப்படுகிறது. செவலையும் கன்றும் மனுதாரருக்கு.

நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். குனிந்து வணங்கினார், கடதாசிகளை அடுக்கினார். வெளியே வந்து, “பிளேன்ரீ குடிப்பமோ?” என்றார். அவ்வளவுதான். வேலையாட்கள் நஸீரைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு அந்த நேரம் அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. சனத்துக்கு முன் வெட்கமாக இருந்ததால் போகவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக வந்த பழனியம்மா வளவு வாசலில் நின்றுவிட்டார்.

“அந்த இரும்பு எங்கங்க?”

“எந்த இரும்பு?”

“கத்தரிக்கா இரும்பு.”

பழைய இரும்புகளோடு கிடந்தது. உடைந்த பைப்புகள், துருப்பிடித்த கட்டில்களோடு சேர்த்து எடைக்கு விற்க எடுத்து வைத்திருந்தேன். குருநாகல்காரருக்கு அது தேவைப்படவில்லை.

“அதை எவனோ வாங்கிட்டுப் போய் நாளைக்குக் காட்டுல நின்னு, ‘கத்தரிக்கா என் குறி, இது என் மாடு’ன்னா நான் யாருகிட்டப் போறது? மறுபடியும் கோர்ட்டுக்கா?”

“மேல வேற ஒரு குறி சுடுவிக்கலாமே?”

“ஒருக்காச் சுட்டதே போதும்” என்று பசுவின் தொடையில் கையை வைத்துக்கொண்டார்.

நான் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்து, “ஐயா, ஒரு இரும்புக் கம்பி, குடுத்துவிடட்டோ?” என்றேன்.

“தொடாதையும்” என்றார்.

அந்த ஒரு கம்பிக்காக மனுப் போட்டார். பதிந்த குறி ஒன்று கம்பனியிடம் இருக்கிறது, அதைப் பகிரங்கமாக விற்பதால் ஒருவருக்கு அநியாயம் நடக்கலாம், ஆகவே குறியையும் இரும்பையும் அவருக்கே நேரடியாக விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முத்திரைச் செலவுக்கு அதுபோல நாலு கம்பி வாங்கலாம். அந்தச் செலவையும் கம்பனிக் கணக்கில் போடாமல் தன் பையிலிருந்து கொடுத்தார். சட்டத்தரணிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

“இரும்பு விக்கிறதெண்டால் நானே வித்திருப்பன்” என்றார் ஐயா வாகனத்துக்குள். “இது ஒரு குறி, ஐசே. நாளைக்கு ஆராவது எழும்பிக் கேட்டால், நீர் குடுத்தது எண்டு சொன்னால் நிக்குமோ? கோட் குடுத்தது எண்டால் நிக்கும்.”

நீதிபதி சிரிக்கவில்லை. மனுவை முழுவதும் வாசித்தார். “ஆட்சேபம் யாருக்கும் உண்டா?” என்று கேட்டார். வங்கிச் சட்டத்தரணி இல்லை என்றார். நஸீரும் வந்திருந்தார், இல்லை என்று தலையாட்டினார். அனுமதி கிடைத்தது. பழனியம்மா சேலைத்தலைப்பில் முடிந்திருந்த காசை எடுத்து என் மேசையில் வைத்து, பற்றுச்சீட்டை வாங்கி, இரும்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பதிவுக் கந்தோரிலும் குறி அவருடைய பெயருக்கு மாறியது. வேலையாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கிடைத்தது, முழுவதும் இல்லை. கொஞ்சக் காலத்தில் கம்பனியின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தார்கள்.

தில்லைநாதன் ஐயா காலமாகிவிட்டார். நஸீர் சொந்தமாக மோட்டார் சைக்கிளில் பால் எடுக்கிறார், பழனியம்மா வீட்டிலும் எடுக்கிறார். விலைக்காக இரண்டு பேருக்கும் ஒருநாள் தவறாமல் சண்டை என்று கேள்வி.

தர்ஷினிக்கு எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போனேன். கனகராயன்குளம் தாண்டியதும் பஸ் நின்றது. தெருவை மறித்துக்கொண்டு மாடுகள், செவலையும் வெள்ளையுமாக ஒரு பெரிய பட்டி, அவசரம் ஒன்றும் இல்லாமல் கடந்துகொண்டிருந்தன. யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தொடையிலும் கத்தரிக்காய். சாரதி கோன் அடித்து அடித்துக் களைத்துப்போனார்.

“ஆரின்ர மாடு இதுகள்?” என்று ஒரு பயணி எரிந்து விழுந்தார்.

நடத்துநர் சின்னப் பெடியன், பால் கம்பனி மூடும்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகூட இருக்கமாட்டான்.

“குறியைப் பாருங்கோ அண்ணை” என்றான். “பழனியம்மாவின்ர.”